கம்பிவழிக் கணக்கு: எர்லாங்கு முதல் எம்.ஆர்.டி.ஜி. வரை

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். இவ்விரண்டும் ஒரு சொல்லில் அமைந்திருப்பதை நாம் மாணவர்க்கு எடுத்துக்காட்டி மகிழ்வதுண்டு. கணினி வலையமைப்புகளில் ஓடும் போக்குவரத்தைக் கணக்கெடுக்கும் முறை வளர்ந்த வரலாற்றைப் படிப்போர்க்கு, முதற்பொருள் இரண்டாம் பொருளை விட்டுப் பிரிந்த இடங்களிலெல்லாம் இடறல் நேர்ந்திருப்பது புலனாகும்.

இன்று பள்ளி, மருந்தகம், கூட்டுறவுக் கடை எதுவாயினும் இணையக் கம்பியோடு பிணைக்கப்பட்டே இயங்குகிறது. அக்கம்பியின் வழியே எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்பதை எங்கோ ஓரிடத்தில் ஒரு மென்பொருள் ஓயாமல் குறித்துக்கொண்டிருக்கிறது. ‘கம்பி பாதிகூட நிரம்பவில்லையே, மேலும் விரைவான இணைப்பு எதற்கு?’ என்று அதிகாரி ஒருவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது அவர் கையில் இருப்பது அம்மென்பொருள் வரைந்த படமேயாகும். அவர் பொய் சொல்லவில்லை. படமும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கின்றனர். இந்த முரண்பாடு எங்ஙனம் பிறந்தது? எதை எண்ணுவது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எண்ணுவது, எண்ணியதை எவ்வளவு காலம் எவ்வடிவில் வைத்திருப்பது என்று மென்பொருளை ஓடவிடுவதற்கு முன்னரே எவரோ ஒருவர் எடுத்த முடிவுகளில்தான் இதற்கு விடை இருக்கிறது. அம்முடிவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

வரலாறு கணினியில் தொடங்கவில்லை, தொலைபேசியில் தொடங்குகிறது. ஆக்னர் கிராருப் எர்லாங்கு என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் 1878ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் யூட்லாந்துப் பகுதியில் லோன்போர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூர்ப் பள்ளியாசிரியர். எர்லாங்கும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் பள்ளிகளில் கற்பித்தவரே. (ஆசிரியர் இனத்துக்கு இது பெருமை தரும் செய்தி என்று இங்கே சொல்லிக்கொள்வதில் தவறில்லை.) கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராயிருந்த யோகான் யென்சன் தாமும் ஒரு கணித வல்லுநர். கணிதக் கழகக் கூட்டங்களில் எர்லாங்கைக் கண்டறிந்து நிறுவனத்துக்கு அழைத்து வந்தவர் அவரே. 1908இல் எர்லாங்கு அங்கே பணியேற்றார்.

அந்நாளில் தொலைபேசி நிலையத்தில் இருந்த சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. ஓர் ஊரில் 1,000 பேரிடம் தொலைபேசி இருக்கலாம். ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. எனவே நிலையங்களுக்கிடையே 1,000 கம்பிகள் வேண்டியதில்லை. அப்படியாயின் எத்தனை வேண்டும்? குறைத்துவிட்டால் பேச முயல்வோர்க்கு வழி கிடைக்காது. கூட்டிவிட்டால் நிறுவனத்துக்கு வீண் செலவு. சராசரியாக ஒரே வேளையில் ஐவர் பேசுகின்றனர் என்று கண்டால் ஐந்து கம்பி போதும் என்றே பொதுவறிவு கூறும். எர்லாங்கின் கணக்கு அப்படிக் கூறவில்லை. ஐந்து கம்பி மட்டும் போட்டால், அழைப்போருள் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் இடமின்றித் திரும்புவர். பத்துக் கம்பி போட்டால்தான் அத்தொகை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கும். சராசரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர் எவ்வளவு பெரிய பிழைக்கு ஆளாவார் என்பதை இத்துறையில் முதன்முதலில் எண்ணால் காட்டியவர் அவரே. 1909இல் அவர் வெளியிட்ட கட்டுரை அழைப்புகள் எவ்வாறு தாறுமாறாக வந்து சேர்கின்றன என்பதை ஆராய்ந்தது. 1917இல் வெளிவந்த கட்டுரையில்தான் புகழ்பெற்ற வாய்பாடுகள் இடம்பெற்றன.

எர்லாங்கு மேசையோடு நின்றவரல்லர். ஏணி சுமந்து வரும் ஒரு பணியாளருடன் கோப்பன்ஹேகன் தெருக்களில் நடந்து, நிலத்தடிக் குழிகளுக்குள் தாமே இறங்கிக் கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்தவர். 1929இல், 51ஆம் வயதில் அவர் மறைந்தார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கு அவர் பெயரையே அனைத்துலகக் குழு சூட்டியது. ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுதும் இடைவிடாது பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங்கு.

தொலைபேசியிலிருந்து கணினிக்கு வருவோம். ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பே இன்றைய இணையத்தின் முன்னோடி. அதன் முதல் நிலையம் 1969ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. ஏன் அங்கே? பேராசிரியர் லியனார்டு கிளைன்ராக் தலைமையில் வலையமைப்பு அளவீட்டு மையம் அங்கே இருந்தமைதான் காரணம். கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குவதற்கு முன்பே, அவை பேசப்போவதை அளப்பதற்கு ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தனர்! சாலை போடுமுன் வண்டிகளை எண்ணுவதற்குச் சாவடி கட்டியது போன்றது இது. அந்த ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. டிசம்பருக்குள் நிலையங்கள் நான்காயின.

ஒவ்வொரு நிலையத்திலும் செய்திகளை வாங்கி அனுப்ப ஐ.எம்.பி. என்னும் பொறி ஒன்று இருந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள போல்ட், பெரானெக், நியூமன் என்னும் நிறுவனம் அதனைச் செய்து கொடுத்தது. அப்பொறியின் நினைவகம் 16 பிட் அளவுள்ள சொற்களில் 12,000க்குச் சற்று அதிகமானவற்றையே கொள்ளும். இன்று ஒரு சிறுவன் கையிலுள்ள தொலைபேசியோடு ஒப்பிட்டால் அது கடலருகே கையளவு நீர். அந்தக் கையளவிலும் ஒரு பகுதியைக் கணக்கெடுக்கும் நிரல்களுக்கென்று ஒதுக்கிவிட்டனர். எத்தனை செய்திகள் சென்றன, அவை எவ்வளவு நீளம், ஒரு பொட்டலம் எந்தெந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் தங்கிற்று என்பனவெல்லாம் குறிக்கப்பட்டன. வேண்டியபோது அந்நிரல்களை இயக்கவும், வேண்டாதபோது நிறுத்தி வைக்கவும் அளவீட்டு மையத்துக்கு வழி இருந்தது. ஏனெனில் எண்ணுவதும் ஒரு வேலை. அவ்வேலையும் அதே பொறியின் நேரத்தைத் தின்றது. எண்ணிக் கண்டதை மையத்துக்கு அனுப்பும் செய்தியும் அதே கம்பியிலேதான் ஓடிற்று. அளவையே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக்கூடும் என்பதை அவர்கள் முதலிலேயே உணர்ந்திருந்தனர்.

அந்த முயற்சி வீண் போகவில்லை. 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கான், டேவிட் வால்டன் என்னும் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று வலையமைப்பைச் சோதித்தனர். நீண்ட செய்திகள் துண்டு துண்டாக அனுப்பப்பட்டு, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றுசேர்க்கப்படுவது வழக்கம். பல செய்திகளின் முதல் துண்டுகள் வந்து சேருமிடத்தின் நினைவகத்தை நிரப்பிவிட்டால், எஞ்சிய துண்டுகள் நுழைய இடமிராது. எஞ்சிய துண்டுகள் வராவிட்டால் எந்தச் செய்தியும் முழுமை பெறாது. முழுமை பெறாததால் இடமும் காலியாகாது. மூட்டைகளின் ஒரு பாதி கிடங்கை அடைத்துக்கொள்ள, மறுபாதி வாசலில் நிற்கும் நிலை அது. இப்படி நேரலாம் என்று கான் முன்பே கூறியிருந்தார்; பொறியை அமைத்தவர்களோ அது நடைமுறையில் அரிது என்று எண்ணியிருந்தனர். செயற்கையாகச் செய்திகளைப் பெருக்கி அனுப்பிய சில நாளிலேயே வலையமைப்பு கானின் சொற்படியே ஸ்தம்பித்து நின்றது. அதன் பின்னர், இடம் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டு அனுப்பும் முறை ஏற்பட்டது.

வலையமைப்பு சிறிதாய் இருந்தவரை ஒரு மையத்திலிருந்தே எல்லாவற்றையும் எண்ணிக் காண முடிந்தது. 1980களில் அது பெருகிற்று. பல நிறுவனங்கள் செய்த பல வகைப் பொறிகள் அதில் இணைந்தன. 1986ஆம் ஆண்டு அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கெஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு நொடிக்கு 40 பிட் என்னும் அளவுக்கு வீழ்ந்தது. ஓடிப்போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அதைவிட விரைவாய் இருந்திருக்கும். நெரிசலில் பொட்டலங்கள் தொலைய, தொலைந்தவற்றைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்ப, அதனாலேயே நெரிசல் மேலும் பெருகியது. வான் ஜேகப்சன் என்னும் ஆய்வாளர் பொட்டலங்களின் வரவையும் போக்கையும் நுணுகி ஆராய்ந்து, 1988இல் அதற்குத் தீர்வு கண்டு வெளியிட்டார். ஆனால் வலையமைப்பை நடத்துவோர்க்கு இது ஓர் எச்சரிக்கையாயிற்று. வெவ்வேறு நிறுவனங்களின் பொறிகள் யாவும் ஒரே மொழியில் தம் நிலையைக் கூறவேண்டும் என்னும் தேவை பளிச்செனத் தெரிந்தது.

அத்தேவைக்கு அப்போது மூன்று முறைகள் போட்டியிட்டன. அனைத்துலகத் தர அமைப்புகள் வகுத்துக்கொண்டிருந்த பெரிய, நிறைவான முறை ஒன்று. ஆய்வாளர் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் உடனிருந்தோரும் வகுத்த மற்றொன்று. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் அவசரத் தேவைக்கென ஆக்கிய எளிய முறை மூன்றாவது. 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூடிப் பேசியபோது, பார்ட்ரிட்ஜ் தம் முறையைத் தாமே விலக்கிக்கொண்டார். போட்டியால் காலம் வீணாவதைக் காட்டிலும் ஒன்று விரைவில் நிலைபெறுவதே நலம் என்பது அவர் கருத்து. இத்தகைய பெருந்தன்மை அறிவுலகில் அடிக்கடி காணக்கூடியதன்று. எளிய முறையை இப்போதைக்கும், பெரிய முறையைப் பிற்காலத்துக்கும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ‘இப்போதைக்கு’ என்று வைத்ததே நிலைத்தது; பெரிய முறை இணையத்தில் வேரூன்றவே இல்லை. எஸ்.என்.எம்.பி. என்று இன்றும் வழங்கும் நெறிமுறை 1988ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிடப்பட்ட அந்த எளிய முறையே.

அதன் உட்கருத்தை நம் வீட்டு மின்சார மீட்டரைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மீட்டர் எவரிடமும் எதுவும் சொல்வதில்லை, கூட்டிக்கொண்டே இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து பார்த்து எழுதிச் செல்கிறார். சென்ற மாத எண்ணை இம்மாத எண்ணிலிருந்து கழித்தால் செலவு தெரிகிறது. அவ்வாறே வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும், அதாவது பொட்டலங்களுக்கு வழிகாட்டும் பொறியும், தன் ஒவ்வொரு வாயிலிலும் உள்ளே வந்த பைட்டுகளையும் வெளியே சென்ற பைட்டுகளையும் கூட்டிக்கொண்டே இருக்கும். மேலாள் கணினி ‘எவ்வளவு?’ என்று கேட்டால், அந்த நேரத்து எண்ணைச் சொல்லும். கழித்தலும் வகுத்தலும் கேட்டவர் பொறுப்பு. சுமையைப் பொறியின்மேல் ஏற்றாமல் மேலாளின்மேல் ஏற்றியதுதான் அந்நால்வரின் கூரிய முடிவு. ஆதலாற்றான் மிக மலிவான பொறிகூட அந்நெறிமுறையைப் பின்பற்ற முடிந்தது.

ஆயினும் அந்த எண்களைச் சாதாரண மனிதர் காணும்படி செய்தது வேறொரு நிகழ்ச்சி. 1994இல் தோபியாஸ் ஊட்டிக்கர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்து வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு அப்பல்கலைக்கழகத்தில் இருந்த வெளியுலக இணைப்பு நொடிக்கு 64,000 பிட் செல்லும் ஒரே கம்பி. இன்று ஒரு தொலைபேசிக்கே அது போதாது. அக்கம்பி எப்படியிருக்கிறது என்று அறிய எல்லோரும் ஆவலாயிருந்தனர். ஊட்டிக்கர் அவசரமாக ஒரு சிறு நிரல் எழுதினார். அது ரவுட்டரிடம் எண்ணைக் கேட்டுப் படமாக வரைந்து, எவரும் காணக்கூடிய வலைப்பக்கத்தில் இட்டது. 1995ஆம் ஆண்டு வசந்தத்தில் எம்.ஆர்.டி.ஜி. என்னும் பெயரில் அதை உலகுக்கு இலவசமாக அளித்தார். பின்னர் அவர் சுவிட்சர்லாந்துக்கு வேறு பணிக்குச் சென்றுவிட, நிரல் கிடப்பில் கிடந்தது. 1996 ஜனவரியில் டேவ் ராண்ட் என்பவர், ‘இது ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?’ என்று கேட்டுக் கடிதம் எழுதினார். பெர்ல் என்னும் மொழியில் எழுதியதே காரணம் என்பது தெளிவானபின், காலத்தை விழுங்கும் பகுதிகளை ராண்டே சி மொழியில் மாற்றி எழுதி அனுப்பினார். நிரல் 40 மடங்கு விரைவு பெற்றது. முன்பின் அறியாத இருவர் கடிதத்தின் வழி கூடிச் செய்த தொண்டு இது.

அந்த மென்பொருளை அமைத்து ஓடவிடும் முறையைச் சற்று நின்று பார்ப்பது தகும். நாம் முதலிற் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. முதலில் அமைப்புக் கோப்பு ஒன்று வேண்டும். அதனை ஆக்குவதற்கென்றே துணை நிரல் ஒன்று உண்டு; அது ரவுட்டரைக் கேட்டு அதன் வாயில்களையெல்லாம் பட்டியலிட்டுக் கொடுத்துவிடும். படங்களும் குறிப்புகளும் எந்த அறையில் சேரவேண்டும் என்று ஒரு வரியில் எழுதவேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் அதன் உச்ச அளவை எழுதவேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. கம்பியை விற்பவர் பிட் கணக்கில் சொல்வார். கோப்பிலோ பைட் கணக்கில் எழுதவேண்டும். எட்டுப் பிட் ஒரு பைட் ஆதலின், 64,000 பிட் கம்பிக்கு 8,000 என்றே எழுதவேண்டும். எழுதிய உச்சத்தை மிஞ்சி வரும் எண்ணை மென்பொருள் நம்பத் தகாதது என்று தள்ளிவிடும். கம்பியை விரைவாக்கிவிட்டுக் கோப்பில் உச்சத்தை மாற்ற மறந்தால், போக்குவரத்து மிகுந்த நேரங்களே படத்திலிருந்து மறைந்துபோகும்!

கோப்பு ஆனதும் மென்பொருளை ஓட்டலாம். முதல்முறை ஓட்டியவுடன் அது பழைய குறிப்பேட்டைக் காணவில்லை என்று முறையிடும். புதியவர் திகைப்பர், திகைக்க வேண்டியதில்லை. கழிப்பதற்கு இரண்டு எண் வேண்டுமன்றோ? முதல்முறையில் ஒன்றுதானே கிடைத்திருக்கிறது! இரண்டு மூன்று முறை ஓட்டினால் முறையீடு தானே அடங்கும். பின்னர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே எழுந்து ஓடும்படி கணினியின் கடிகாரப் பணிப்பட்டியலில் எழுதி வைத்துவிட்டால், அமைத்தவர் போய்ப் படுக்கலாம். மறுநாட் காலையில், உள்வரவு பச்சைப் பரப்பாகவும் வெளிச்செலவு நீலக் கோடாகவும் படம் காத்திருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 64,000 பிட் கம்பி 30 நொடி நேரம் முழுதும் அடைபட்டு, எஞ்சிய நாலரை நிமிடம் வெறுமையாய் இருந்தது என்று கொள்வோம். அந்த 30 நொடியில் காத்திருந்தவர்களுக்குக் கம்பி அடைபட்டதே உண்மை. படத்திலோ நூற்றுக்குப் பத்து என்றே விழும். வாரப் படத்துக்கு அரைமணிக்கு ஒரு புள்ளி. மாதப் படத்துக்கு இரண்டு மணிக்கு ஒன்று. ஆண்டுப் படத்துக்கு நாளுக்கு ஒன்று. குறிப்பேடு வளர்ந்துகொண்டே போகாதபடி, பழையவற்றைச் சராசரியாகச் சுருக்கி ஈராண்டுக்கு வைத்திருப்பது அம்மென்பொருளின் திறமை. 1995இல் வட்டுகளின் இடம் விலையுயர்ந்தது என்பதால் அது வேண்டியதுமாம். ஆனால் சுருங்கச் சுருங்க மேடுகள் கரைந்து சமவெளியாகின்றன. வார, மாத, ஆண்டுப் படங்களில் உச்சங்களையும் காட்டு என்று கோப்பில் தனியே ஒரு வரி எழுதினால் அது காட்டும். எழுதாவிட்டால் சராசரியை மட்டுமே காட்டும். விண்ணப்பத்தைத் திருப்பிய அதிகாரி பார்த்தது, அந்த ஒரு வரி எழுதப்படாத ஆண்டுப் படமாக இருக்கலாம்.

நம் வருகைப் பதிவேடும் இதே கதைதான். இருபது பள்ளி நாட்களில் பதினெட்டு நாள் நூற்றுக்கு 95 பிள்ளைகள் வந்து, இரண்டு நாள் நூற்றுக்கு 45 பேரே வந்தால், மாதச் சராசரி நூற்றுக்கு 90. மேலிடத்துக்கு அனுப்பும் தாளில் 90 என்பது நல்ல எண். அவ்விரண்டு நாளும் சம்பள நாளுக்கு மறுநாள் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவரே அறிவர், தாள் அறியாது.

சராசரியில் ஒளியும் மேடுகள் வெறும் ஐயமல்ல. ஆராய்ச்சியில் நிறுவப்பட்ட உண்மை. எம்.ஆர்.டி.ஜி. தோன்றுவதற்கு முன்னரே, 1989 முதல் 1992 வரை, அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தார் தம் அலுவலக வலையமைப்பில் ஓடிய கோடிக்கணக்கான பொட்டலங்களை, ஒவ்வொன்றும் வந்த நேரத்தை நொடியின் மிக நுண்ணிய பகுதி வரை குறித்துச் சேர்த்தனர். லேலண்டு, தாக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகிய நால்வர் 1993இல் அதன் முடிவை வெளியிட்டனர். எர்லாங்கின் தொலைபேசி அழைப்புகள் நொடிக்கணக்கில் மேடுபள்ளமாயிருப்பினும், மணிக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் சமமாகிவிடும். கணினிப் போக்குவரத்தோ அப்படியன்று. நொடியில் பார்த்தாலும், நிமிடத்தில் பார்த்தாலும், மணியில் பார்த்தாலும் அதே முரட்டு மேடுபள்ளம். மலையைத் தொலைவிலிருந்து பார்த்தாலும் அதன் ஒரு பாறையை அருகிலிருந்து பார்த்தாலும் ஒரே வகைச் சொரசொரப்புத் தெரிவது போன்றது அது. எண்பதாண்டுக் காலம் நம்பியிருந்த கணக்கு, கணினி வலையமைப்புக்கு அப்படியே பொருந்தாது என்பது அன்றுதான் வெளிப்பட்டது. ஐந்து நிமிடச் சராசரியை மட்டும் அவர்கள் சேர்த்திருந்தால், இது எவர் கண்ணிலும் பட்டிராது.

மற்றோர் இடறல் எண்களின் எல்லையில் நேர்ந்தது. பழைய மோட்டார் வண்டிகளின் மைல்கணக்கு 99,999 ஆனதும் சுழன்று சுன்னத்துக்கு வரும். ரவுட்டரின் எண்ணியும் 32 பிட் அளவுடையதாகையால் 429 கோடிச் சொச்சம் பைட்டுகள் ஆனதும் சுன்னத்துக்குத் திரும்பும். 1988இல் அது பேரெண். நொடிக்கு ஒரு கோடிப் பிட் செல்லும் கம்பி முழுதும் நிரம்பி ஓடினாலும் 57 நிமிடம் ஆகும். ஒருமுறை சுற்றினால் மென்பொருள் கண்டுகொண்டு சரிசெய்யும். நொடிக்கு 100 கோடிப் பிட் செல்லும் கம்பிகள் வந்தபோதோ, 34 நொடியில் ஒரு சுற்று முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவர்க்கு இடையில் எத்தனை சுற்று ஆயின என்பது எப்படித் தெரியும்? நொடிக்கு ஏறத்தாழ 11 கோடியே 45 இலட்சம் பிட்டுக்கு மேல் ஓடும் கம்பியில், அக்கணக்குப்படி வரும் படம் உண்மையினும் குறைவாகவே காட்டும். படம் கோணலாகவும் இராது, பிழை என்று எழுதியும் வராது, அழகாகவே இருக்கும். நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் 64 பிட் எண்ணிகள் வந்து இக்குறையைத் தீர்த்தன. ஆனால் அமைப்புக் கோப்பில் இரண்டாம் பதிப்பைக் குறித்துக் கேட்டாலன்றி ரவுட்டர் அந்தப் பெரிய எண்ணைத் தராது.

காவற்சொல்லைப் பற்றியும் ஓரிரு சொல். எண்களைக் கேட்பவர் ஒரு காவற்சொல் கூறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டு முறை விதித்தது. அச்சொல் மறைப்பின்றியே கம்பியில் சென்றது. பொறிகளைச் செய்தோர் பலர் ‘பப்ளிக்’, அதாவது ‘பொது’ என்னும் சொல்லையே எல்லாப் பொறிக்கும் வைத்து விற்றனர். வாங்கியோர் பலர் அதை மாற்றவில்லை. பொது என்று பெயர் வைத்துவிட்டுக் காவல் என்று நம்பியது வேடிக்கையே! 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஃபின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நெறிமுறையைக் கையாளும் பல நிறுவனப் பொறிகளில் ஓட்டைகள் கண்டது வெளியாகி, உலகெங்கும் வலையமைப்பாளர் உறக்கமிழந்தனர். மறைப்பும் அடையாளச் சோதனையும் உடைய மூன்றாம் பதிப்பு அவ்வாண்டின் இறுதியில் முழுத்தரம் பெற்றது.

ஊட்டிக்கர் தம் மென்பொருளின் குறையைத் தாமே அறிந்திருந்தார். எத்தனை நேரத்துக்கு ஒரு புள்ளி, அதைச் சராசரியாகச் சுருக்குவதா உச்சமாகச் சுருக்குவதா, எவ்வளவு காலம் வைப்பது என்பவற்றையெல்லாம் அமைப்பவரே தேர்ந்துகொள்ளும்படி ஆர்.ஆர்.டி.டூல் என்னும் புதுக் கருவியை 1999இல் வெளியிட்டார். பின்வந்த பல கணக்கெடுப்பு மென்பொருள்கள் அதன்மேல் கட்டப்பட்டவை. ஆயினும் சுருக்குமுறையைக் குறிப்பேட்டை முதலில் உண்டாக்கும்போதே தேர்ந்துவிட வேண்டும். சராசரியாக மட்டும் சேர்த்து வைத்த ஈராண்டுக் குறிப்பிலிருந்து உச்சத்தைப் பின்னர் எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

அண்மை ஆண்டுகளில் பெரிய வலையமைப்புகள் கேட்டு வாங்கும் முறையை விட்டு விலகி வருகின்றன. மேலாள் கேட்கும்வரை காத்திராமல், ரவுட்டரே தன் எண்களைச் சில நொடிக்கு ஒருமுறை தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும் முறை பரவுகிறது. இதனைப் புதுமை என்று விளம்பரம் செய்கின்றனர். 1970களின் தொடக்கத்தில், அந்தக் கையளவு நினைவகத்தோடு இயங்கிய ஐ.எம்.பி. பொறிகளும் கேளாமலே தம் நிலையைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தன.